அறிவியல் மீதான நம்பிக்கையைக் குலைத்தது யார்?

பொய்ச்செய்தி என்னும் சொல்லை இன்று மிகுதியாகப் பயன்படுத்துவோர் ஆட்சியாளர்களே. 2023 ஏப்ரலில் ஒன்றிய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தியது. ஒன்றிய அரசின் செயல்பாடுகள் குறித்து இணையத்தில் வெளியாகும் செய்திகளில் எது பொய், எது திரிபு என்பதை அரசே அமைக்கும் உண்மை சரிபார்ப்புப் பிரிவு தீர்மானிக்கும். அது முத்திரை குத்திய செய்தியை அகற்றாத சமூக ஊடக நிறுவனங்கள் தமக்குள்ள சட்டப் பாதுகாப்பை இழக்க நேரும் என்பதே திருத்தத்தின் சாரம். 2024 மார்ச்சில் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் பிரிவுக்கு அந்த அதிகாரம் வழங்கப்பட்டது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அத்திருத்தம் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது எனக் கூறி ரத்து செய்தது.

வழக்கில் ஒரு தரப்பாக நிற்பவரே நீதிபதியின் இருக்கையிலும் அமர முயன்ற அம்முயற்சி அப்போதைக்குத் தோற்றது. ஆனால், அதன் பின்னிருந்த கருத்து தோற்கவில்லை. மக்கள் அறியாமையில் உழல்கின்றனர். வாட்ஸ்அப் அவர்களைக் கெடுக்கிறது. ஆகவே, உண்மை எதுவென்று மேலிருந்து ஒருவர் அறிவித்தாக வேண்டும் என்பதே அக்கருத்து. ஆட்சியாளர்கள் மட்டுமல்லர், அவர்களை எதிர்க்கும் படித்த நடுத்தர வர்க்கத்தினரில் பலரும் இதை ஏற்கின்றனர். கிராமத்துப் பெண் தடுப்பூசிக்கு அஞ்சினால் அது மூடத்தனம். அமைச்சர் சான்றற்ற மருந்தை மேடையேற்றினால் அது வெறும் சறுக்கல் என்று எடைபோடப்படுகிறது. இந்தப் பார்வையைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டாலன்றி அறிவியல் மீதான நம்பிக்கையை மீட்பது பற்றிப் பேசவே இயலாது.

ஐயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ(எச்) பிரிவு கூறுகிறது. அப்பிரிவு அவசரநிலைக் காலத்தில், 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தின் வாயிலாகச் சேர்க்கப்பட்டது. அதே காலத்தில்தான் வட இந்தியா எங்கும் கட்டாயக் கருத்தடை நடந்துகொண்டிருந்தது. 1976-77ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இலக்கு விதிக்கப்பட்டது. ஹரியானாவின் மேவாத் பகுதியிலுள்ள உட்டாவர் கிராமத்தை 1976 நவம்பரில் போலீசார் சுற்றிவளைத்து ஆண்களைப் பிடித்துச் சென்றனர். அறிவியல் மனப்பான்மையைக் குடிமகனின் கடமையாக எழுதிய அரசு, தன்னுடைய கடமையாக அதை எழுதிக்கொள்ளவில்லை. மருத்துவ அறிவியல் ஏழை மக்களின் வாசலுக்குத் துப்பாக்கியோடு வந்தது.

கால் நூற்றாண்டுக்குப் பின் இதன் விலை தெரிந்தது. 2002ஆம் ஆண்டில் நாட்டில் 1,600 குழந்தைகளைப் போலியோ தாக்கியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். பெரும் பகுதியினர் ஏழை இஸ்லாமியக் குடும்பங்களின் குழந்தைகள். சொட்டு மருந்து பிள்ளைகளை மலடாக்கும் என்ற வதந்தி மேற்கு உத்தரப் பிரதேசத்தில் வீடு வீடாகப் பரவியிருந்தது. அப்போது வாட்ஸ்அப் இல்லை. வதந்தி பொய்தான், ஆனால் அது முளைத்த மண் பொய்யன்று. முன்பு கருத்தடைக்கு ஆள் பிடிக்க வந்த அதே அரசு, இப்போது கேட்காமலே கதவைத் தட்டிச் சொட்டு மருந்து தருகிறது. சாக்கடை கேட்டால் வராத அரசு, காய்ச்சலுக்கு மருந்து கேட்டால் வராத அரசு, இதற்கு மட்டும் ஆண்டுக்குப் பலமுறை வருவது ஏன் என்று தாய்மார்கள் கேட்டனர். அந்தக் கேள்வியில் அறிவியலுக்கு எதிரானது எதுவுமில்லை. சான்று கேட்கும் மனம் கேட்க வேண்டிய கேள்வி அது.

அந்தக் கேள்வியை மதித்தபோதுதான் நிலைமை மாறியது. அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சமூக ஊக்குநர்களாக அமர்த்தப்பட்டனர். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா ஆகியவற்றின் ஆசிரியர்களும் மாணவர்களும் இணைந்தனர். மதப் பெரியோர்கள் மசூதிகளிலிருந்து அழைப்பு விடுத்தனர். நோய் மிகுந்த ஒன்றியங்களில் சொட்டு மருந்தோடு குடிநீர், கழிப்பிடம், வயிற்றுப்போக்குத் தடுப்பு ஆகியவையும் சேர்த்து மேற்கொள்ளப்பட்டன. 2009இல் 741ஆக இருந்த எண்ணிக்கை இரண்டே ஆண்டுகளில் ஒன்றாகச் சுருங்கியது. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானதே கடைசி நேர்வு. 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது. எவரையும் சிறையில் தள்ளி இது சாதிக்கப்படவில்லை. எந்த இணையப் பக்கத்தையும் முடக்கிச் சாதிக்கப்படவில்லை.

பொய் எங்கிருந்து புறப்பட்டது?

கோவிட் பெருந்தொற்றின்போது இந்த அனுபவம் முழுவதும் குப்பையில் வீசப்பட்டது. 2020 மார்ச் இறுதியில் தில்லி தப்லீகி மாநாட்டில் கலந்துகொண்டோரிடையே தொற்று கண்டறியப்பட்டவுடன், ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் அன்றாடச் செய்தியாளர் சந்திப்புகளிலேயே நோயாளிகளின் கணக்கு ஒரு மதக் கூட்டத்தின் பெயரால் தனியாகப் பிரித்துச் சொல்லப்பட்டது. எஞ்சியதை ஆளுங்கட்சியின் இணையப் படையும் அதன் ஊதுகுழல் தொலைக்காட்சிகளும் செய்து முடித்தன. இஸ்லாமியக் காய்கறி வியாபாரிகள் தெருக்களிலிருந்து விரட்டப்பட்டனர். மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர்கள் பலிகடாக்கள் ஆக்கப்பட்டனர் என்று கூறி அவர்கள் மீதான வழக்குகளை மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு 2020 ஆகஸ்டில் ரத்து செய்தது. ஆனால், அந்த வியாபாரிகள் இழந்த பிழைப்பை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை.

அடுத்து மருந்து வாணிபம். 2020 ஜூனில் பதஞ்சலி நிறுவனம் கொரோனில் என்னும் மருந்தை அறிமுகப்படுத்தி, ஏழு நாட்களில் நூறு விழுக்காடு குணம் என்று பறைசாற்றியது. ஆயுஷ் அமைச்சகம் விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, சில நாட்களிலேயே நோய் எதிர்ப்பாற்றல் ஊக்கி என்ற பெயரில் விற்பனைக்கு வழிவிட்டது. 2021 பிப்ரவரியில் அம்மருந்தின் மறு அறிமுக விழா மேடையில் ஒன்றிய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தனும் நிதின் கட்கரியும் அமர்ந்திருந்தனர். ஹர்ஷ் வர்தன் ஒரு மருத்துவரும் ஆவார். உலக சுகாதார நிறுவனத்தின் பெயர் அங்கே அடிபட்டது; கோவிடுக்கு எந்த மரபு மருந்தையும் தான் ஆராய்ந்து சான்றளிக்கவில்லை என்று அந்நிறுவனம் வெளிப்படையாக விளக்கம் தர வேண்டியதாயிற்று.

இந்திய மருத்துவச் சங்கம் 2022இல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2023 ஆகஸ்டில் ஆயுஷ் அமைச்சகம் மாநில உரிம அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதியது. ஆயுஷ் மருந்து விளம்பரங்களுக்கு முன்னனுமதி கோரும் 170ஆவது விதியின்கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்பதே அதன் செய்தி. 2024 ஜூலையில் அவ்விதியையே நீக்கி அறிவிக்கை வெளியிட்டது. நீதிமன்றம் ஆகஸ்டில் அந்நீக்கத்துக்குத் தடை விதித்தது. 2025 ஆகஸ்டில் வழக்கு முடித்து வைக்கப்பட்டது. நிறுவனத்தார் நாளேடுகளில் மன்னிப்பு விளம்பரம் வெளியிட்டனர். விதியைக் கைவிட்ட அமைச்சகம் எவரிடமும் மன்னிப்புக் கோரவில்லை. 1954 முதல் மாயமருந்து விளம்பரத் தடைச் சட்டத்தை வைத்திருக்கும் நாட்டில், பொய் விளம்பரத்துக்குக் காவல் நின்றது அரசே.

எண்ணாத பிணங்கள்

மூன்றாவது பொய் எண்களில் இருந்தது. 2021 இறுதிவரை கோவிட் மரணங்கள் ஏறத்தாழ 4.8 லட்சம் என்பது அரசுக் கணக்கு. 2020, 2021 ஆகிய இரண்டாண்டுகளில் இந்தியாவின் மிகை மரணங்கள் ஏறத்தாழ 47 லட்சம் என உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்தில் மதிப்பிட்டது. கணக்கிடும் முறையே தவறு என்று மோடி அரசு சீறியது. முறையில் குறையிருந்தால் மாற்றுத் தரவை மேசையில் வைத்திருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவு அறிக்கை 2025 மே வரை வெளியிடப்படவில்லை. வெளிவந்தபோது அது கூறியது என்ன? 2020இல் 81 லட்சமாக இருந்த பதிவான மரணங்கள், 2021இல் ஒரு கோடியே 2 லட்சமாக உயர்ந்திருந்தன. ஓராண்டில் 21 லட்சம் அதிகம். அவை அனைத்தும் கோவிட் மரணங்கள் அல்ல; பதிவு மேம்பட்டதும் ஒரு பகுதிக்குக் காரணமாகலாம். எனினும், அரசு ஒப்புக்கொண்ட எண்ணுக்கும் இந்த எண்ணுக்கும் இடையிலுள்ள பள்ளம் எந்த விளக்கத்தாலும் தூர்க்க முடியாத ஆழமுடையது.

கங்கைக்கரை மணலில் புதைக்கப்பட்ட உடல்களைத் தம் கண்ணால் கண்ட பீகார், உத்தரப் பிரதேச மக்களிடம், பெரும் பாதிப்பில்லை என்று அரசு சொன்னது. அதே அரசின் பெயரால் வரும் அடுத்த மருத்துவ அறிவுரையை அம்மக்கள் எந்த மனநிலையில் கேட்பார்கள்? கண்ணால் கண்டதை மறுக்கும் அரசு, கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பற்றிச் சொல்வதை மட்டும் எப்படி நம்பச் சொல்ல முடியும்?

இது பெருந்தொற்றோடு முடிந்த கதையன்று. 2025 பிப்ரவரியில் கும்பமேளா நடந்துகொண்டிருந்தபோது, பிரயாக்ராஜில் பல இடங்களில் ஆற்று நீர் மலக்கிருமி அளவில் குளிப்பதற்கான தரத்தை எட்டவில்லை என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் அறிக்கை அளித்தது. அந்நீர் குடிக்கவே தகுந்தது என்று முதலமைச்சர் ஆதித்யநாத் சட்டமன்றத்தில் முழங்கினார். மாத இறுதியில் அதே வாரியம், புள்ளியியல் ஆய்வின்படி நீர் குளிக்கத் தக்கதே என்று இன்னோர் அறிக்கை அளித்தது. அறிவியல் நிறுவனங்கள் ஆட்சியாளரின் முகம் பார்த்துப் பேசுகின்றன என்ற எண்ணம் மக்களிடம் வேரூன்றுவதற்கு எந்த வதந்தி ஆலையும் தேவையில்லை.

நல்ல தடுப்பூசிக்கு நேர்ந்த தீங்கு

அரசின் போக்கு பொய்யை மட்டும் வளர்க்கவில்லை, உண்மையையும் ஊனப்படுத்தியது. கோவாக்சின் இதற்குச் சான்று. மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனை தொடங்குவதற்கு முன்பே, 2020 ஜூலை 2 அன்று, தடுப்பூசியை ஆகஸ்ட் 15க்குள் மக்கள் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் எண்ணத்துடன் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதினார். சுதந்திர நாள் உரைக்குத் தேவையான ஓர் அறிவிப்புக்கு ஏற்றவாறு அறிவியல் ஓட வேண்டியிருந்தது. எதிர்ப்பு எழுந்ததால் அது நடக்கவில்லை. ஆயினும், 2021 ஜனவரி 3 அன்று மூன்றாம் கட்டச் சோதனையின் செயல்திறன் தரவு எதுவும் இல்லாமலே அனுமதி அளிக்கப்பட்டது. கேள்வி எழுப்பியோர் இந்திய விஞ்ஞானிகளை இழிவுபடுத்துவோர் என்று வசைபாடப்பட்டனர். தடுப்பூசி இயக்கம் தொடங்கிய ஜனவரி 16 அன்றே தில்லியின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றின் உறைவிட மருத்துவர்கள், தங்களுக்கு வேறு தடுப்பூசி வேண்டும் என்று எழுதிக் கேட்டனர். அவர்கள் படிப்பறிவற்றவர்கள் அல்லர்.

பின்னர் வந்த முடிவுகள் அத்தடுப்பூசி பயனுள்ளது என்றே காட்டின. 2021 நவம்பரில் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி அதன் செயல்திறன் 77.8 விழுக்காடு. சில வாரங்கள் பொறுத்திருந்தால் சான்றோடு மக்கள் முன் சென்றிருக்கலாம். அந்த அவசரத்துக்கான விலையை நாடு கொடுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி செலுத்திக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் மறைந்தபோது, தடுப்பூசியே காரணம் என்ற பேச்சு ஒரே பகலில் மாநிலமெங்கும் பரவியது. அம்மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்ற தேசியக் குழுவின் முடிவு வெளிவந்தது அக்டோபரில். வதந்திக்கு ஒரு பகல் போதும். விளக்கத்துக்கு ஆறு மாதம் தேவைப்பட்டது. இடைப்பட்ட காலத்தில்தான் இரண்டாம் அலை ஊர்களைச் சூறையாடியது. இதற்கிடையே, ஒரே தடுப்பூசிக்கு ஒன்றிய அரசுக்கு ஒரு விலை, மாநிலங்களுக்கு ஒரு விலை, தனியார் மருத்துவமனைக்கு ஒரு விலை என மூன்று விலைகள் வைக்கப்பட்டன. கடும் எதிர்ப்புக்குப் பின்பே ஜூன் மாதம் அக்கொள்கை மாற்றப்பட்டது. உயிர்காக்கும் மருந்தில் சந்தையைத் திறந்துவிட்டு, மக்கள் ஐயப்படக் கூடாது என்று எதிர்பார்ப்பது எவ்வகை நேர்மை?

இன்னொரு பக்கத்துச் சறுக்கல்

இவற்றையெல்லாம் கண்டு மனம் கொதிப்போரில் சிலர் எதிர்த்திசையில் சறுக்குகின்றனர். மருந்து நிறுவனங்கள் கொள்ளையடிக்கின்றன. ஆகவே தடுப்பூசியே சதி என்று முடிவு கட்டுகின்றனர். முற்போக்கு முகாமின் விளிம்பிலும் இக்குரல் கேட்கிறது. ஏகாதிபத்திய எதிர்ப்பின் சொற்களை அது அணிந்திருப்பதால் எளிதில் ஏமாற்றுகிறது. மருத்துவமனை வேண்டாம், இயற்கையே போதும் என்ற போதனையின் விளைவாக 2018இல் திருப்பூரில் காணொலி பார்த்து வீட்டிலேயே பிரசவம் நடத்தி ஒரு பெண் உயிரிழந்தார். சதிக்கோட்பாடு பெருநிறுவனத்தின் லாபத்தில் ஒரு காசைக்கூடக் குறைப்பதில்லை. உழைக்கும் மக்களின் உயிரைத்தான் பறிக்கிறது.

இவ்விரண்டுக்கும் இடையிலான பாதையை இடதுசாரி இயக்கம் முன்னரே வகுத்திருக்கிறது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், பாத் என்னும் அமெரிக்க அமைப்பு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி செலுத்தும் ஆய்வுத் திட்டத்தை நடத்தியது. கம்மத்தில் அவர்களில் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள். பெற்றோரின் ஒப்புதலுக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களின் கையெழுத்து பெறப்பட்டது. இடதுசாரி நாடாளுமன்ற உறுப்பினர்களும் மாதர் அமைப்புகளும் போராடியதால் 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அத்திட்டக் காலத்தில் நிகழ்ந்த ஏழு சிறுமிகளின் மரணத்துக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. ஒப்புதல் மீறலே குற்றம். ஏழைச் சிறுமி சோதனைப் பொருள் அல்லள் என்பதே போராட்டத்தின் சாரம். தடுப்பூசி நஞ்சு என்பதன்று. இந்தியாவில் ஆண்டுதோறும் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோயால் மடிகின்றனர். அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். 2022இல் உள்நாட்டுத் தடுப்பூசிக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. அன்று ஒப்புதலுக்காகப் போராடிய அதே இயக்கம், இன்று அத்தடுப்பூசி ஒவ்வொரு ஏழைச் சிறுமிக்கும் அரசின் செலவில், பெற்றோரின் முழு அறிதலோடு கிடைக்க வேண்டும் எனக் கோருவதில் முரண்பாடு ஏதுமில்லை. இரண்டும் ஒரே கோரிக்கையின் இரு கூறுகள்.

நம்பிக்கையை மீட்கும் பணி

அறிவியலின் வேரையே அறுக்கும் வேலை மறுபுறம் தொடர்கிறது. விநாயகரின் தலையில் அறுவைச் சிகிச்சையைக் கண்டவர் 2014இல் பிரதமராகவே பேசினார். பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமக் கோட்பாடும் தனிம அட்டவணையும் நீக்கப்பட்டன. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையொப்பமிட்டனர். ஆராய்ச்சிக்கு நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காடே செலவிடப்படுகிறது. மூடநம்பிக்கையை எதிர்த்த நரேந்திர தபோல்கர், கம்யூனிஸ்ட் தலைவர் கோவிந்த் பன்சாரே, அறிஞர் கல்புர்கி, பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் ஆகியோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். எனினும், எதிர்ப்பு வீணாவதில்லை. 2021 பிப்ரவரியில் நாடெங்கும் நடத்தவிருந்த பசு அறிவியல் தேர்வை மக்கள் அறிவியல் இயக்கங்களும் விஞ்ஞானிகளும் அம்பலப்படுத்தியதால் அது கைவிடப்பட்டது.

போபால் நச்சுவாயுப் படுகொலைக்குப் பிறகு, நிறுவனம் மறைத்த தகவல்களை வெளிக்கொணரும் போராட்டத்தில் அறிவியலாளர்களும் தொழிற்சங்கங்களும் கைகோத்தனர். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாகவே 1987இல் பாரத் ஜன விக்யான் ஜாத்தா நாடெங்கும் புறப்பட்டது. மறு ஆண்டு அகில இந்திய மக்கள் அறிவியல் கூட்டமைப்பு உருவானது. அறிவியலை நம்புங்கள் என்று அது மக்களிடம் சொல்லவில்லை. கேளுங்கள், சான்று கேளுங்கள், மறைத்தவரிடம் கணக்குக் கேளுங்கள் என்றே சொன்னது. கேரளத்தில் 2018இல் நிபா பரவியபோது இடது ஜனநாயக முன்னணி அரசு நாள்தோறும் நோயாளிகள், தொடர்பிலிருந்தோர் எண்ணிக்கையை மக்கள் முன் வைத்தது. வவ்வால் கடித்த பழத்தைத் தின்று காட்டி நோயே பொய் என்று ஒருவர் காணொலி வெளியிட்டும் அது எடுபடாமல் போனதற்கு அந்த வெளிப்படைத்தன்மையே முதற்காரணம்.

இன்று அப்பணியைத் தெருத்தெருவாகச் செய்துகொண்டிருப்போர் ஏறத்தாழ 10 லட்சம் ஆஷா ஊழியர்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருதளித்துப் பாராட்டியது. ஒன்றிய அரசோ அவர்களை இன்னும் தொழிலாளர் என்று ஏற்கவில்லை. தன்னார்வலர் என்று பெயரிட்டு ஊக்கத்தொகையை விட்டெறிகிறது. முகக்கவசம்கூட இல்லாமல் கோவிட் கணக்கெடுப்புக்கு அனுப்பப்பட்டதை எதிர்த்து 2020 ஆகஸ்டில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வீட்டுக்குள் அழைத்துத் தண்ணீர் கொடுத்து மக்கள் நம்பும் ஒரே சுகாதாரப் பணியாளரைக் கூலியின்றி வாட்டும் அரசு, அறிவியல் மீது நம்பிக்கை இல்லையே என்று மக்களைக் குறைகூறத் தகுதியற்றது. ஆகவே, ஆஷா ஊழியரின் ஊதியப் போராட்டமும் வதந்திக்கு எதிரான போராட்டமும் வேறு வேறல்ல.

கோரிக்கைகள் தெளிவானவை. மரணப் பதிவு, நோய்க் கணக்கு, மருந்துச் சோதனைத் தரவு ஆகியவை உரிய காலத்தில் பொதுவெளிக்கு வர வேண்டும். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகள் குறித்த விசாரணை முடிவுகள் வாரங்களில் வெளிவர வேண்டும். விளம்பரங்களுக்கான முன்னனுமதி விதி எல்லா மருத்துவ முறைகளுக்கும் கறாராகப் பொருந்த வேண்டும். பாடநூலில் பரிணாமம் மீள வேண்டும். ஆஷா, அங்கன்வாடி ஊழியர்கள் அரசு ஊழியர்களாக்கப்பட வேண்டும்.

கட்சி உறுப்பினர்களின் பணி இக்கோரிக்கைகளை முழங்குவதோடு முடிவதில்லை. கிளைக்கு ஒருவரேனும் தம் பகுதியில் உலவும் மருத்துவ வதந்திகளைத் தொடர்ந்து கவனித்து, மருத்துவர்களையும் ஆஷா ஊழியர்களையும் அறிவியல் இயக்கத்தையும் இணைத்து, வீடுகளில் அமர்ந்து பேச வேண்டும். அங்கே எழும் ஐயத்தை ஏளனம் செய்யும் உறுப்பினர், தாமறியாமலே ஆட்சியாளர்களின் குரலில் பேசுகிறார். அந்த ஐயத்தைப் பொறுமையோடு கேட்டு, அதன் வேர் எந்த அநீதியில் இருக்கிறது என்று கண்டு, சான்றோடு விடை சொல்பவரே மக்களுக்கு அறிவியலை மீட்டுத் தருகிறார். அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று எவரும் கூற இயலாது. அது வரும் நாளில் மக்கள் யாரை நம்புவார்கள் என்பது இன்று செய்யப்படும் பணியைப் பொறுத்தே அமையும்.